ஒடியாத காலுக்கு மாவுக்கட்டு

என் மனைவி எலும்பு மருத்துவ மேற்படிப்பில் இரண்டாம் ஆண்டு. அதனால் என் எலும்புகள் எனக்குச் சொந்தமில்லை. அவள் போடும் மாவுக்கட்டில் சுருக்கம் விழுகிறது என்று பேராசிரியர் எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாராம். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக, "அசையாம உட்காருங்க" என்று என் இடது காலில் முழங்கால் வரை கட்டுப் போட்டுப் பழகினாள். கட்டு கல்லாக இறுகிய பிறகுதான், அதை அறுக்கிற ரம்பம் மருத்துவமனையில் இருப்பது அவளுக்கு உறைத்தது.

"இதை முன்னாடியே யோசிக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"காலை ஆட்டாதீங்க, விரிசல் விட்டுடும்!" என்றாள்.

நொண்டிக்கொண்டே அவளுடன் போய் வெளிநோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் ரம்பத்தை எடுத்து வருவதற்குள் பேராசிரியர் வந்துவிட்டார். குனிந்து கட்டைத் தடவினார்.

"பேருக்குக்கூட ஒரு சுருக்கம் இல்லையே! யார் போட்டது?"

ரம்பத்தோடு வந்து நின்றவள், "நான்தான் சார்" என்றாள்.

"பிரமாதம்மா! எலும்பையும் நூல் பிடிச்ச மாதிரி சேர்த்திருக்கே. எங்க ஒடிஞ்சது?"

"எங்கயும் ஒடியல சார்" என்றேன் நான்.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அதானே பார்த்தேன்!"