எல்லாருக்கும் சுகமாகும் விளையாட்டு

எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் என் அக்கா, ராத்தா, தன் சின்ன மகளின் டாக்டர் கேமைப் பற்றி என்னிடம் கேட்டாள். "இத புள்ள விளையாடலாமா?"

போனை வாங்கிப் பார்த்தேன். இரத்தம் இல்லை. கட்டுப் போட்டதும் நோயாளி எழுந்து சிரிக்கிறார்.

"ஓம், விளையாடட்டும்" என்றேன்.

எங்கள் அப்பா, வாப்பா, கல்முனை ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த நேரம் அது. ஒருநாள் லுஹர் தொழுதுவிட்டு அறைக்குள் போனேன். மருந்து மயக்கத்தில் தூங்கிக் கிடந்தவரின் தாடையைச் சுற்றி, உச்சந்தலையில் முடிச்சு விழ, வெள்ளைத் துணி கட்டியிருந்தது. கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. மையித்துக்கு, இறந்தவரின் உடலுக்கு, நாங்கள் அப்படித்தான் கட்டுவோம். ராத்தாவின் மகளான என் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆரு சொல்லித் தந்த?"

"பக்கத்து வீட்டு மாமிக்கும் இப்படித்தானே கட்டின. பொறகு அவ நோகுதெண்டு கத்தவே இல்ல, மாமா."

வாப்பாவின் மூக்கருகே கை வைத்தேன். மூச்சு சூடாக வந்தது. அந்தக் கேமில் யாருமே மௌத்தாவதில்லை, செத்துப்போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ராத்தாவைக் கூப்பிட்டேன். "இனி தனிய விளையாட உடாதீங்க. மாமிக்கு என்ன நடந்ததெண்டு முதல்ல புள்ளைக்குச் சொல்லுங்க."

நான் முடிச்சை அவிழ்க்கும்போதும், வாப்பா எழுந்து சிரிப்பார் என்று மருமகள் காத்துக்கொண்டிருந்தாள்.