இரண்டு சொட்டு சிவப்பு மருந்து

அம்மாவுக்குச் சினைப்பையில் புற்று. நான்கு ஊசி ஏற்றியும் கட்டி சிறுக்கவில்லை என்றது ஸ்கேன். உப்பல் தொழிற்பேட்டையில் வெல்டிங் வேலை செய்யும் அப்பாவுக்கு ஒரே சந்தேகம்தான்: ஆஸ்பத்திரியில் மருந்தில் ஏதோ கலக்கிறார்கள். ஐந்தாவது ஊசி அன்று, குப்பையில் போடவிருந்த குப்பியை நர்ஸிடம் கெஞ்சி வாங்கி, தன் டிபன் பாக்ஸில் ஐஸ் நிரப்பி அதற்குள் புதைத்து எடுத்துக்கொண்டு, ஹப்சிகுடாவில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்து வாசலுக்கே வந்துவிட்டார். குப்பியின் அடியில் சிவப்பாக இரண்டு சொட்டு இருந்தது.

"மருந்தா, சாயத் தண்ணியான்னு உன் மிஷின்ல பாத்துச் சொல்லுடா. தண்ணின்னா மட்டும் சொல்லு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மூன்று வருடமாக என் வேலையே அதுதான்: மருந்தைச் சுமக்கும் கொழுப்பு உருண்டைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடிப்பது. அம்மாவின் மருந்தும் அப்படி உருண்டைக்குள் அடைத்ததுதான். அதைத் தாண்டி, அவை உடம்புக்குள் போய் என்ன செய்கின்றன என்பதை அந்த மிஷின் காட்டாது. இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சொட்டை ஒரு பொட்டளவு செப்பு வலையில் வைத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் உறைய வைக்க வேண்டும். திரவ நைட்ரஜன்மேல் குனியும்போது நாங்கள் மூச்சை அடக்கிக்கொள்வோம். மூச்சின் ஈரம் பனியாக விழுந்து படத்தைக் கெடுத்துவிடும். அன்று என்னை அறியாமல் பெருமூச்சு வந்துவிட்டது. திரை முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பனித்துகள். என்னோடு வேலை செய்யும் தெலுங்கு அக்கா அதைப் பார்த்துவிட்டு, மூச்சு விட்டாயா என்று மட்டும் கேட்டார். பிறகு மிஷினில் தனக்கு ஒதுக்கிய நேரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

இரண்டாவது வலையை உள்ளே வைக்கும்போது, வெறும் தண்ணீராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தண்ணீர் என்றால் சண்டை போடலாம். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நல்ல மருந்தை முதலிலிருந்து ஏற்றலாம்.

உருண்டைகள் தெரிந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் மருந்து ஒரு கோடாகப் படிந்து, காப்பிக்கொட்டை மாதிரி. உடைந்தது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அவ்வளவு தெளிவான படம் எனக்கு அதற்கு முன் அமைந்ததில்லை. அக்கா பாராட்ட வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

அப்பா எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

"நல்ல மருந்துதாம்பா. கொறையே இல்ல."

அவர் டிபன் பாக்ஸைச் சாய்த்து, உருகிய ஐஸைக் கீழே கொட்டினார். மருந்துக் குப்பி வைத்ததில் இனி சோறு கட்டக் கூடாது என்றேன். தலையாட்டினார்.

"அப்ப யாரப் போயி கேக்கறது?"

அம்மா அதற்குப்பின் இரண்டு மாதம் இருந்தாள். படம் பிடித்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவளும் கேட்டாள், உள்ளே என்ன இருந்தது என்று. காப்பிக்கொட்டை மாதிரி இருந்தது என்றேன்.

"அதான் வாயெல்லாம் கசக்குது" என்றாள். அவள் மட்டும்தான் சிரித்தாள்.