கோட்டு ஓரத்து மஞ்சள்

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழுந்து போகிற ஆள் நான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கொழும்பு, பெய்ரூட், பெர்லின் என்று அலைந்து, சவக்காலை மதிலோரம்கூடப் படுத்தெழும்பியிருக்கிறேன். குளிரைத் தவிர வேறெதுவும் என்னைத் தொட்டதில்லை. ஆனபடியால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை.

டென்மார்க்கில், குடும்பத்தைக் கூப்பிட அகதிகளான நாங்கள் கொடுத்த மனுக்களை அரசு காரணம் சொல்லாமல் கிடப்பில் போட்டிருந்த காலம். எனக்குக் கிரின்ஸ்டெட்டில் தொழிற்சாலை வேலை. மனைவி மலர் யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில். வருவாளா மாட்டாளா என்று யாருக்கும் தெரியாது.

பக்கத்து வீட்டு யென்ஸ் கிழவர் உலக யுத்தகால ராணுவ அதிகாரிகளின் உடுப்புகளைச் சேர்ப்பவர். டேனிஷ், நோர்வே, பின்லாந்து எல்லாம் இருந்தன. வெயில் ஞாயிறுகளில் அவற்றைக் கொடியில் போட்டுத் தூசி தட்டுவோம். பொத்தான் மினுக்குவது என் வேலை. ஒருநாள், பதவிச் சின்னம் பிடுங்கப்பட்ட ஒரு மேல்கோட்டை, சேகரிப்புக்கு உதவாது, நீ போடு என்று தந்தார். விமான நிலையத்துக்கு இதைப் போட்டுக்கொண்டுபோய்த்தான் மலரைக் கூட்டிவருவது என்று அப்போதே முடிவெடுத்தேன். புது உடுப்பை மஞ்சள் வைக்காமல் போடுவோமா? கறிக்கு வாங்கிய தூளைக் குழைத்து உள் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தேன்.

அறையில் கூட இருந்த செல்வண்ணை பார்த்துவிட்டார்.

"என்னடாப்பா, செத்த கப்டனுக்கு மஞ்சள் பூசிச் சாமத்தியச் சடங்கோ?"

"அந்தாளுக்கும் வேறை ஆர் செய்யிறது, அண்ணை."

அடுத்த ஞாயிறு யென்ஸ் உடுப்புகளைப் பூட்டிவைத்திருந்த கொட்டிலைத் திறந்தார். பூட்டின் திறப்பு அவரிடம் மட்டும்தான். வெளியே எடுத்துக் கொடியில் போட்டால், ஒவ்வொரு கோட்டின் உள் ஓரத்திலும் ஈரம் காயாத மஞ்சள் பொட்டு. இது சேகரிப்பு, உன் கறிச்சட்டி இல்லை என்று டேனிஷில் ஏசினார். நான் முகர்ந்து பார்த்தேன். தூள் இல்லை; அம்மியில் அரைத்த பச்சை மஞ்சள், நார்கூட ஒட்டியிருந்தது. அந்த ஊரில் அது எந்தக் கடையிலும் கிடையாது. என் முகத்தைப் பார்த்துக் கிழவர் ஏச்சை நிறுத்தினார். கடைசியில், உங்கள் கடவுள் நல்லவர், பின்லாந்துக்காரனையும் விடவில்லை என்று சிரித்தார்.

பிறகு அரசு மனுக்களை முடக்கிய விஷயம் வெளியே வந்து, வழக்காகி, அவை மறுபடி அசைந்தன. மலருக்கு அனுமதி வந்தது. நல்ல வெயிலிலும் அந்தக் கோட்டோடுதான் விமான நிலையத்தில் நின்றேன். கண்டதும் அவள் அழவில்லை. கோட்டின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"இதுதானோ உங்கட? ஒருநாள் கனவிலை ஒரு கொடி நிறையக் கோட்டுகள். எது உங்கடயெண்டு தெரியேல்லை. அதாலை எல்லாத்துக்கும் வைச்சிட்டன்."

கோட்டைப் பற்றி நான் அவளுக்கு எழுதியதே இல்லை. நான் வைத்த பொட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டு இருப்பதையும் அன்றுதான் கண்டேன். என்னுடையது எப்போதோ மங்கிவிட்டது. மற்றதைத் தொட்டால் இன்றைக்கும் விரலில் ஈரம் படுகிறது.