முனிராஜ் கட்டும் கூம்பு

ஏணியைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு, ஏறாமல் தெருவுக்குள் போய்விட்டார் முனிராஜ். எந்த வீட்டில் பச்சைக் குழந்தை, எங்கே படுத்த படுக்கையாய் ஆள், யாருக்குப் பரீட்சை என்று விசாரித்துவிட்டு வந்துதான் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டுவார். அந்த வீடுகளின் பக்கம் கூம்பின் வாய் திரும்பாது. "சத்தம் நம்முளுது, காது அவங்களுதுங்களே" என்பார். இண்டூர்ப் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்றால் இவர் மைக் செட்தான்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி மட்டும் வாடகை கிடையாது. ஹிரோஷிமாவை நினைத்துப் பேருந்து நிறுத்தத்தில் அணுகுண்டு எதிர்ப்புக் கூட்டம். முதல் ஆண்டு கூலிக்கு வந்தவர், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து முழுதையும் கேட்டார். அடுத்த ஆண்டிலிருந்து கூட்டத்தை நடத்துகிறவரே அவர்தான். வருகிறவர்களை ஒரு ஷேர் ஆட்டோவில் அடைத்துவிடலாம். அதனால் என்ன, பேருந்துக்கு நிற்கிறவர்கள் காதை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்!

எல்லையில் சண்டை மூண்டபோது ஊர் இளைஞர்கள் வந்தார்கள். எதிரி நாட்டின் மேல் அணுகுண்டு போடச் சொல்லி ஊர்வலமாம், செட் வேண்டுமாம். முனிராஜ் மறுத்துவிட்டார்.

"நாட்டு மேல பற்று இல்லீங்களாண்ணா?"

"நெறையவே இருக்குதுப்பா. இந்தக் கூம்பயே கொழந்த இருக்கிற வூட்டுப் பக்கம் திருப்ப மாட்டேன். குண்டுக்கு வாய எந்தப் பக்கம் திருப்புவ? அந்த ஊர்லயும் பச்சக்கொழந்த இருக்குமில்ல?"

ஊர்வலம் மைக் இல்லாமலே போனது. மாரியம்மன் திருவிழாவுக்கு வெளியூர் செட் வந்தது. கல்யாண வீடுகளும் ஒவ்வொன்றாய் நழுவின. செட்டை விற்றுவிடலாமா என்று மனைவி செல்லி கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் சசிகலா தேடிக்கொண்டு வந்தாள். அவள் மகன் தர்மன் ராணுவத்தில், எல்லையிலேயே இருந்தவன்.

"அண்ணா, அன்னைக்கு ஊர்வலம் எங்க வூட்டத் தாண்டறப்பத்தான் எம் புள்ள போனு வந்துச்சுங்க. 'நல்லாருக்கேன்மா'ன்னான். அவ்ளோதான், லைன் போயிருச்சு. மைக் செட்டு இருந்திருந்தா அதுகூட எங்காதுல வுழுந்திருக்காது. இப்ப லீவுல வந்திருக்கான். வெள்ளிக்கெழம அவனுக்கு நிச்சயதார்த்தம். உங்க செட்டுதான் கட்டோணும்."

முனிராஜ் கூம்பின் மேல் படிந்திருந்த தூசியைத் துண்டால் துடைத்தார். "நீ கூப்ட்டியே, அதுவே போதும்மா."

வெள்ளிக்கிழமை வழக்கம்போலத் தெருவை விசாரித்துவிட்டு வந்து, எந்தப் பக்கம் திருப்புவது என்று கம்பத்தடியில் யோசித்துக்கொண்டு நின்றார்.

"எங்க வூட்டப் பாத்தே திருப்புங்கண்ணா. நல்லாக் கேக்கட்டும்" என்றாள் சசிகலா.

தர்மன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். முனிராஜ் ஏறிப்போய், கூம்பின் வாயை அவள் வாசலுக்கு நேராகத் திருப்பிக் கட்டினார்.