சொல்லிவிட்டு ரெகார்டு பண்ணும் போன்

கிட்ட வந்து உக்காருங்க. செல்போன் கடைக்காரிக்குப் போனைப் பத்தித் தெரியுறதைவிட, அதை வாங்கினவங்க படுற பாடுதான் அதிகம் தெரியும். ஸ்ரீரங்கத்துல என் கடை. படிப்பு எட்டாவதோட சரி. நீங்களும் போன் மாத்தி முழிச்சவங்கதானே, உங்களுக்குப் புரியும்.

வாசல் எங்கே?

தொட்டியத்து வாழைக்காரர் செல்லமுத்தண்ணனுக்குச் சிங்கப்பூர் மகன் ஐபோன் அனுப்பியிருந்தான். பழைய ஆண்ட்ராய்டுல கீழே பட்டனைத் தட்டினா முந்தின பக்கம் வந்துடும். இதுல அந்தப் பட்டன் கிடையாது. ஓரத்துல விரலை வச்சு இழுக்கணும்னு காட்டினேன். "உள்ள விட்டுட்டு வாசலை மறைச்சு வச்சா எப்படி தங்கச்சி?"ன்னாரு.

தில்லை நகர் டீச்சர்

ஐபோன்லயே பழகின டீச்சரம்மா ஆண்ட்ராய்டு வாங்க வந்தாங்க. எழுத்தை மாத்தலாம், படத்தை மாத்தலாம்னு நான் ஆசையாச் சொல்லிக்கிட்டே போனேன். "எனக்கு எதையும் மாத்த வேணாங்க, அவங்களே ஒழுங்கா வச்சுக் குடுக்க மாட்டாங்களா?"

ஆபீஸ் பேச்சு

செல்லமுத்தண்ணன் மறுபடி வந்தாரு. அவர் சம்சாரம் பக்கவாதத்துல படுத்த படுக்கை. மகன் கூப்பிடுற நேரத்துல பெரும்பாலும் தூங்கிடுவாங்க. பழைய போன் எல்லாப் பேச்சையும் சத்தமில்லாம ரெகார்டு பண்ணிப் பிடிச்சு வைக்கும். அவங்க முழிச்சதும் போட்டுக் காட்டுவாரு. அதுலதான் அவங்களுக்கு உயிர் ஓடுது.

இந்தப் போன்லயும் அப்படிப் பிடிக்க முடியுமான்னு கேட்டாரு. ஐபோன்லயும் பிடிக்கலாம். ஆனா "ரெகார்டு ஆகுது"ன்னு ரெண்டு பக்கமும் கேக்க அறிவிச்சுட்டுத்தான் பிடிக்கும். ஐபோன் வாங்குறவங்களுக்குத் தங்க பேச்சு தங்களுக்குத் தெரியாம எங்கேயும் போகக் கூடாது. நம்ம அண்ணனுக்குப் பேச்சு பத்திரமா இருக்கணும். அறிவிப்பைக் கேட்ட மகன், இத்தனை நாளும் இதே வேலைதானான்னு கேட்டிருக்கான். "இப்ப ஆபீஸ்ல பேசுற மாதிரி பேசுறான் தங்கச்சி. சாப்பிட்டீங்களாங்கிறான், வச்சிடுறான்."

அங்கே மழை

சிம்மைப் பழைய போனுக்கே மாத்திக் குடுத்தேன். ஒண்ணும் நடக்கல. அண்ணன் போனை எடுத்ததுமே மகன் "ரெகார்டு ஆகுதாப்பா?"ங்கிறானாம். அண்ணன் வேற வழியில்லாம, போன வருஷம் அவன் பேசினதையெல்லாம் இன்னைக்குப் பேசினதாச் சம்சாரத்துக்குப் போட்டுக் காட்ட ஆரம்பிச்சுட்டாரு. ஒருநாள் தொட்டியம் போயிருந்தேன். அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "புள்ளைக்கு அங்க மழையாம், நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தானாம்."

எந்தப் போன் ஒசத்தின்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க; செல்லமுத்தண்ணன் நேத்து வந்து, போன தீபாவளிக்கு மகன் பேசினதைத் தேடி எடுத்து, இந்தத் தீபாவளிக்குன்னு தனியா வச்சுக்கிட்டுப் போனாரு.