பேசி அனுப்பச் சொன்ன வழக்கு

நான் மகளிர் காவல் நிலையத்தில் சிறப்பு எஸ்.ஐ.யாக இருந்தபோது, ஒரு காலையில் செல்வராணி உடைந்த கையோடு வந்தார். நாகப்பட்டினம் பக்கம் மீன் விற்பவர். முந்தின நாள் மார்க்கெட்டில் எல்லோர் கண்ணெதிரிலும் கணவன் கட்டையால் அடித்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

"மார்க்கெட் ஸ்டேஷன்ல சொன்னீங்களாம்மா?"

"சொன்னேங்க. புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு மகளிர் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லிட்டாங்க."

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அந்த அம்மா ஃபைலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சம்பவம் அவங்க எல்லையில நடந்திருக்கு. அங்கயே குடுக்கட்டும்."

"எந்த ஸ்டேஷனுக்கு வந்தாலும் எஃப்.ஐ.ஆர். போட்டு அனுப்பலாமே மேடம்."

"சட்டம் எனக்கும் தெரியும். கேஸ் கூடினா மேல யாரு பதில் சொல்றது? புருஷனைக் கூப்பிட்டுப் பேசி அனுப்புங்க."

கணவன் ஊர்ப் பெரியவர்கள் இருவரோடு வந்தான். மூவருக்கும் நாற்காலி போட்டார்கள். கை உடைந்தவர் நின்றுகொண்டிருந்தார். இனி அடிக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட அவன் உடனே தயார்.

செல்வராணி இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னார்: "போன வருஷமும் இங்கதான் எழுதிக் குடுத்தாரு. அப்ப பல்லு போச்சு. இப்ப கை. அடுத்து என்ன போகும்னு நீங்க எழுதிக் குடுங்க, நான் போயிடறேன்."

"பொம்பளை பேசுற பேச்சா இது?" என்றார் பெரியவர்களில் ஒருவர்.

நான் வெளியே வந்து டி.எஸ்.பி.க்குப் போன் செய்தேன். சாயங்காலத்துக்குள் எஃப்.ஐ.ஆர். பதிவானது. அதற்குப் பிறகு எந்தத் திருவிழா என்றாலும் பந்தோபஸ்து எனக்குத்தான்.

கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா. சிகிச்சை கொடுத்த டாக்டர் வேதாரண்யத்துக்கு மாறிப்போனார். அவருக்குச் சம்மன் போய்ச் சேரவே பல மாதம். மார்க்கெட்டே பார்த்த அடியை, கூண்டில் ஏறிய சாட்சி ஒருவர்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து நின்றது செல்வராணி மட்டும்தான். கடைசியில் அவருடைய வாக்குமூலத்தையும் எக்ஸ்ரேயையும் வைத்து ஜட்ஜ் தண்டனை கொடுத்தார். அவன் அப்பீல் போட்டு ஜாமீனில் வெளியே வந்துவிட்டான்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். பல் போன அன்றே வழக்குப் போட்டிருந்தால் அந்தக் கை உடையாமல் இருந்திருக்கும். எழுதி வாங்கி அனுப்பினால் நம் வேலைதான் குறைகிறது, அடி குறைவதில்லை. புகாரை முதலில் பதிவு செய்யுங்கள்.

செல்வராணி இப்போது தனியாக இருக்கிறார். நான் ஓய்வுபெற்ற பிறகும் போன் செய்கிறார்.

"அந்த அப்பீலு எப்பக்கா முடியும்?"

"கேட்டுச் சொல்றேன்மா" என்கிறேன். யாரைக் கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை.