சௌந்திரத்துக்குப் போன சீர்

கோகிலவாணி உடனே திட்டுகிற ஆள் இல்லை. நாமக்கல்லில் அவளோடு முட்டைக் கிடங்கில் வேலை செய்யும் பெண்கள், "அது கத்துனா பயமில்லீங்க, சிரிச்சாத்தான் பயம்" என்பார்கள். இது தெரியாமல் போனது அவள் கணவன் மாதேஸ்வரனின் அக்கா சௌந்திரத்துக்கு மட்டும்தான்.

மாதேஸ்வரன் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். வீடு சின்னது. முன்னறை, சமையலறை, உள்ளறை, அவ்வளவுதான். உள்ளறை மகள் கயல்விழிக்கு என்று கட்டும்போதே பேசி வைத்தது. கயல்விழி பன்னிரண்டாம் வகுப்புக்கே வந்துவிட்டாள், அறைதான் அவள் கைக்கு வரவில்லை. சௌந்திரம் சொந்த வீடு கட்டத் தொடங்கியபோது, "ஊடு முடியற வரைக்கும் இங்க கெடக்கட்டும் தம்பி" என்று ஒரு பீரோவைக் கொண்டுவந்து இறக்கினாள். அதன் பின்னாலேயே கல் தேய்ந்த கிரைண்டர் வந்தது, படம் தெரியாத டிவி வந்தது, அவள் மகன் ஓட்டி உடைத்த சைக்கிள் வந்தது. கடைசியாக, அவள் மாமியார் படுக்கையில் கிடந்தபோது வாங்கிய, நடுவில் ஓட்டை போட்ட நாற்காலியும் வந்தது. மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார், நாற்காலி இங்கே வந்து சேர்ந்தது.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். கயல்விழி சமையலறையில் கேஸ் சிலிண்டரில் முதுகைச் சாய்த்துப் படித்தாள். காலை நீட்டினால் அரிசி டப்பா இடித்தது.

அதையும் கோகிலவாணி பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தபோது, பந்தியில் உட்கார்ந்து சௌந்திரம் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"எந்தம்பி ஊட்டுக்குள்ள கால் வெக்க முடியாதுங்க. காயலாங்கடைதான். பொம்பள சரியில்லீன்னா ஊடு அப்படித்தான் இருக்கும்."

பந்தி சிரித்தது. கயல்விழி பாதியிலேயே இலையை மடித்துவிட்டு எழுந்து போனாள். கோகிலவாணி எழவில்லை. மோர் வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து, சௌந்திரத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாளிலிருந்து வீட்டை ஒழிக்கத் தொடங்கினாள். முட்டைக் கிடங்கில் வந்து இறங்கும் லோடை மொத்தமாகப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். கையில் இருக்கும் அட்டையை மட்டும் பார்த்தால் வேலை தன்னால் நடக்கும். வீட்டிலும் அவள் அதையே செய்தாள். வேலை விட்டு வந்ததும் ஒரே ஒரு அலமாரித் தட்டு. அது முடிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், அடுத்த தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். முட்டையைப் பிரிப்பதுபோலவே பிரித்தாள். நல்லது இருக்கட்டும், கீறல் விட்டது தேவைப்படுகிறவர்களுக்குப் போகட்டும், அழுகல் வெளியே போகட்டும்.

அவள் குப்பையும் இல்லாமல் இல்லை. மூடி இல்லாத டப்பாக்கள் இருந்தன, டப்பா இல்லாத மூடிகள் அதைவிட அதிகம் இருந்தன. தன்னுடையதை அவள் ஈவு இரக்கம் பார்க்காமல் பழைய இரும்புக் கடைக்கு ஏற்றினாள். அதெல்லாம் போன பிறகுதான் வீட்டை அடைத்துக்கொண்டு நின்றது யார் சரக்கு என்பது பளிச்சென்று தெரிந்தது.

"அக்கா சாமானத்துல கை வெச்சுராத புள்ள" என்றான் மாதேஸ்வரன்.

"தொடைக்கத்தானுங்க செய்யறேன்" என்றாள். உண்மையாகவே துடைத்துத்தான் வைத்தாள், ஒவ்வொன்றையும் மினுமினுவென்று.

கடைசியில் சௌந்திரம் புது வீடு குடிபுகும் அழைப்பிதழோடு வந்தாள். "பொறந்தூட்டுச் சீரு கொறையப்படாது கோகிலா. எங்கூட்டுப் பங்காளிக எல்லாம் வாராங்க. மேளத்தோட வந்து எறக்கோணும்."

"எறக்கிரலாமுங்க நங்கை" என்றாள் கோகிலவாணி, நாத்தனாரை முறை சொல்லிக் கூப்பிட்டு. "உள்ள இருக்கற உங்க சாமானமெல்லாம்?"

"புது ஊட்டுல அந்தக் குப்பைய எங்க வெக்கறது? இங்கயே கெடந்துட்டுப் போகுது."

கோகிலவாணி மறுபடியும் சிரித்தாள்.

குடிபுகும் நாள் காலையில் முட்டை வண்டி வாசலில் வந்து நின்றபோதுதான் மாதேஸ்வரனுக்கு விஷயம் புரிந்தது. "எங்கக்கா மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"உங்க புள்ள மொகத்துல இத்தன நாளா எப்படி முழிச்சீங்க?"

அவன் குனிந்து பீரோவின் ஒரு முனையைப் பிடித்தான்.

சௌந்திரத்தின் புது வீட்டுத் தெருவில் மேளம் முழங்கியது. முன்னால் மஞ்சள், குங்குமம், பழத்தட்டு, சௌந்திரத்துக்கு நல்ல பட்டுச்சேலை. முறையில் கோகிலவாணி ஒரு குறையும் வைக்கவில்லை. சௌந்திரம் வாசலில் நின்று பூரித்துப்போய் வாங்கினாள். வீடியோக்காரன் விளக்கைத் திருப்பினான். பின்னாலேயே மாலை போட்ட பீரோ வந்தது. பொட்டு வைத்த கிரைண்டர், டிவி, சைக்கிள் எல்லாம் பட்டறை ஆட்களின் தோளில் ஏறி வந்தன. எல்லாவற்றுக்கும் கடைசியில், மல்லிகைச் சரம் சுற்றி, கோகிலவாணியே கையில் ஏந்திய ஓட்டை நாற்காலி.

மேளக்காரர்களே ஒரு கணம் அடிக்க மறந்துவிட்டார்கள். சௌந்திரம் வாசற்படியை மறித்தாள். "இதென்னடி கூத்து?"

அவள் கணவனின் பெரியப்பா காளியப்பன் அதட்டினார். "பொறந்தூட்டுச் சீர வாசல்ல நிறுத்தப்படாது தாயி, ஊட்டுக்கு ஆகாது. கைய நீட்டி வாங்கு."

பங்காளிகள் பார்க்க, விளக்கு முகத்தில் அடிக்க, சௌந்திரம் கையை நீட்டினாள்.

"மானத்த வாங்கிட்டயே" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

கோகிலவாணி குரலைத் தாழ்த்தவில்லை. "எங்க ஊடு காயலாங்கடைன்னு சொன்னீங்களே நங்கை. கடையக் காலி பண்ணிட்டேனுங்க. பாத்தா அத்தனையும் உங்க சரக்கு."

பந்தியில் சிரித்த அதே வாய்கள் இப்போதும் சிரித்தன.

சீர்த்தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது வழக்கம். சௌந்திரம் இரண்டு வாழைப்பழத்தை எடுத்துத் தட்டில் வைத்தாள். கோகிலவாணி அந்தப் பழங்களை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தாள்.

"வெறுந்தட்டே போதுமுங்க. உங்களுது ஒண்ணும் இனி எங்க ஊட்டுக்கு வரப்படாது."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது உள்ளறைச் சுவரில் பீரோ நின்ற இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. கயல்விழி அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் நீட்டினாள். எதுவும் இடிக்கவில்லை.